போட்டால் தானே ஓடும்

காலை பதினொன்று பத்துக்கு எங்கள் தெருவுக்கு மீன் வண்டி வரும். ஹாரன் இரண்டு முறை அடிக்கும். பேபி சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். சாளையா நெத்திலியா என்று கேட்பாள். நேற்றைய மீன் என்று குறை சொல்வாள். பிறகு வாங்குவாள். கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்து கழுவுவாள். அவள் திரும்ப அறைக்குள் வரும்போது பதினொன்றரை ஆகியிருக்கும். அந்த இருபது நிமிடமும், அவள் பார்த்துக்கொள்ளும் ராஜையன் கட்டிலில் தனியாகக் கிடப்பார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நாளில் அவள் அவரை விட்டு விலகியிருந்த நேரம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட பெண்ணைக் காலையிலிருந்து ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்றாள்.

"அண்ணா, நான் குடுக்கேல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணா."

சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ராஜையன் நுரையீரலில் தண்ணீர் இறங்கி, சளி கட்டி இறந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது. பக்கவாதம் வந்து தொண்டை மரத்தவருக்குத் தண்ணீரைத் தண்ணீராகக் கொடுக்கக் கூடாது. கஞ்சிப் பதத்தில் எதையாவது கலந்து கரண்டியால் கொடுக்க வேண்டும். பேபி கவனமில்லாமல் பச்சைத் தண்ணீர் கொடுத்துவிட்டாள் என்று அவர் மகள் அஜிஷா உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தது உண்மை. கொடுத்தது பேபி இல்லை.

எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

என் பெயர் சுந்தர்சிங். கொட்டாரம் ஜங்ஷனில் வீடியோ கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம். எங்கள் பக்கம் அடக்கத்துக்கும் வீடியோ எடுப்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அவர் வர முடியாது. அவருக்கு டிவிடி போகும்.

எனக்கும் ஒன்று வந்தது.

நான் குவைத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். அம்மா நேசபாய் ஊரில் தனியாக இருந்தாள். அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று முறை நாகர்கோவில் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கொண்டுபோனவர் ராஜையன். அம்மாவின் அக்காள் மகன். எனக்கு அண்ணன் முறை. பக்கத்து வீடு. அவர் மனைவி இல்லாதவர், ஸ்கூல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நேரம் இருந்தது. நான் அவரிடம் கேட்டுக்கொண்டேன், அவர் ஒப்புக்கொண்டார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த இரண்டு வருடத்தில் அவர் என்னை நான்கு முறை கூப்பிட்டார். பேச்சு ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். "சித்திக்கு முடியல்ல மக்கா. வா." முதல் முறை எங்கள் சைட்டில் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டாம் முறை ஃபோர்மேன் லீவில் போயிருந்தார், அவர் இடத்தில் நான் இருந்தேன். மூன்றாம் முறை அந்த இடம் எனக்கே கிடைக்கும் என்று பேச்சு. நான்காம் முறை கிடைத்துவிட்டது. புதிதாக அந்த இடத்துக்கு வந்தவன் லீவு கேட்க முடியாது. இதை அவருக்கு விளக்கினேன். அவர் "செரி மக்கா" என்று ஃபோனை வைத்தார்.

அம்மா ஜூன் மாதம் இறந்தாள். பதினேழு நாள் கழித்து டிவிடி வந்தது.

நாங்கள் தங்கியிருந்த கேம்பில் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டிவிடியைப் போட்டேன். படம் ஓடவில்லை. ஒரு மஞ்சள் ஃபோல்டர் வந்தது. அதைத் திறந்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு துண்டுகள், எல்லாவற்றுக்கும் பெயர் எழுத்தும் எண்ணுமாக. எது முதல், எது கடைசி என்று தெரியவில்லை. என் பின்னால் அறைக்காரர்கள் ஆறு பேர் துக்கம் கேட்க நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒன்றை அமுக்கினேன். மண் போட்டார்கள். அடுத்ததை அமுக்கினேன். குழிக்குப் பக்கத்தில் போதகர் ஜெபித்தார். அடுத்ததில் கோவிலிலிருந்து பெட்டி வெளியே வந்தது. அடுத்ததில் உள்ளே போனது. கடைசியில்தான் வீடு வந்தது, அம்மாவின் முகம் வந்தது. முதலில் புதைத்துவிட்டுப் பிறகு முகம் பார்த்தேன்.

பெர்லின் என்று குளச்சல்காரர் ஒருவர் என் தோளில் கை வைத்து, "இன்னொரு தடவ நேரா ஓட்டிப் பாப்பமா மக்கா?" என்று கேட்டார். நான் டிவிடியை எடுத்துவிட்டேன்.

தொழிலை அதற்குப் பிறகுதான் கற்றேன். ஊருக்கு வந்து கடை போட்டேன். கடைப் பலகையில் எழுதியிருக்கிறது: போட்டால் தானே ஓடும், எந்தக் கம்ப்யூட்டரிலும். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. டிவிடியின் முகப்பில் ஒரு சின்ன எழுத்து ஃபைல் வைக்க வேண்டும். மூன்று வரி போதும். கம்ப்யூட்டர் அதை முதலில் படிக்கும். எதை ஓட்ட வேண்டும் என்று அந்த வரி சொல்லும். படத்தை ஓட்டும் புரோகிராமையும் டிவிடிக்குள்ளேயே வைத்துவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் அது இருக்கிறதா இல்லையா என்ற கவலை இல்லை. திரை முழுக்க ஓடும். யாரும் எதையும் அமுக்க வேண்டாம். நிறுத்தும் பொத்தானையும் எடுத்துவிடலாம். வயதானவர்கள் தெரியாமல் கை பட்டு நிறுத்திவிடுகிறார்கள் என்று நான் எடுத்துவிடுவேன்.

ஆட்கள் வந்தார்கள். தோவாளை, அஞ்சுகிராமம், சுசீந்திரம் பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள். வடிவாம்பாள் என்று தேரூர்க்காரம்மா ஒருத்தி, வேறு கடையில் எடுத்த டிவிடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இதுல ஒரு மஞ்சக் கூடுதான் இருக்கு தம்பி. எனக்கெ மவளையும் காணேல்ல, மருமவனையும் காணேல்ல." நான் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு கூடை பிச்சிப்பூவோடு வந்தாள்.

நான் ஊருக்கு வந்த அன்று ராஜையன் ஒரு மெமரி கார்டு கொடுத்தார். ஃபோனில் போடும் சின்னக் கார்டு. ஒரு துண்டுப் பேப்பரில் மடித்து, மேலே அம்மா பெயர் எழுதியிருந்தார்.

"சித்தி ஒனக்காண்டி பேசினது. நான் யாருக்கும் காட்டல்ல. நீயே பாத்துக்க."

ஆறு நிமிடப் படம். அம்மா கட்டிலில் கிடக்கிறாள். ராஜையன் ஃபோனைப் பிடித்திருக்கிறார். அவர் தெரியவில்லை, குரல் கேட்கிறது. அம்மா தண்ணீர் கேட்கிறாள். அவர் கொடுக்கப்பிடாது என்கிறார். அவள் மறுபடி கேட்கிறாள். நான் எண்ணினேன். ஒன்பது முறை.

அவரிடம் கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். நாள் ஒன்றுக்கு அரை லிட்டர், அதில் கஞ்சியும் டீயும் அடக்கம் என்று எழுதியிருந்தது.

"ஒரு வாய் கூடினா நெஞ்சுல ஏறிரும் மக்கா. மூச்சு முட்டும். ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவிய கேக்கையில எனக்கும் தொண்ட வறளும். நான் அவிய முன்னால தண்ணி குடிக்கது கெடையாது."

சீட்டைப் படித்தேன். அதில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் சாகப்போகிற ஒருத்திக்கு ஒரு வாய் தண்ணீரால் என்ன வந்துவிடும்? ஒரு வாய் தண்ணீரால் யாரும் செத்துப்போவதில்லை என்று நான் அன்று அவரிடம் சொன்னேன். அவர் சீட்டை மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். நான் சொன்னதை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். நான் சண்டை போடுகிறவன் இல்லை. ஜனவரியில் அஜிஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லிஜோ, மஸ்கட்டில் வேலை. வீடியோ நான்தான். ராஜையன் புது வேட்டியில் காமிராவுக்கு முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார். "லேய் சுந்தரு, எனக்க மோறய எடுத்தது போதும். அந்தப் பயலயும் கொஞ்சம் எடு. தாலி கெட்டப் போறது அவனாக்கும்." பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு டிவிடியில் இருக்கிறது.

மே மாதம் அவர் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. வா. யாரைப் பார்த்தாலும் அதையே சொல்வார். பேபியிடம் வா, போதகரிடம் வா, விசிறியைப் பார்த்தும் வா. என்னைப் பார்த்தும் சொல்வார். எனக்கென்று தனியாகச் சொன்னதில்லை.

அஜிஷா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து எல்லாம் ஒழுங்கு செய்தாள். கீரிப்பாறையிலிருந்து பேபியைக் கூட்டி வந்தாள். பேபியின் அம்மா எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவள். பேபி இதற்கு முன் இரண்டு வீட்டில் இப்படிப் படுத்தவர்களைப் பார்த்தவள். அஜிஷா சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்: தண்ணீர் அப்படியே கொடுக்கக் கூடாது. கட்டிலுக்கு எதிரே கம்ப்யூட்டர் வைத்தாள், சாயங்காலம் முகம் பார்த்துப் பேசுவதற்கு. கரண்ட் போனால் ஓட இன்வெர்ட்டர் போட்டாள். புறப்படுகிற அன்று கடைக்கு வந்தாள்.

"சித்தப்பா, எனக்க கல்யாண டிவிடிய அப்பாக்கு ஒண்ணு செஞ்சு தருவியளா? ஸ்விட்சப் போட்டா தானே ஓடணும். பேபியக்காக்கு கம்ப்யூட்டரு ஒண்ணும் தெரியாது. பகல்ல அது ஓடிக்கிட்டு இருந்தா அப்பா தனியா இருக்க மாதிரித் தோணாது."

நான் கேட்கவில்லை. அவளாகக் கேட்டாள்.

மூன்று நாள் வேலை. கல்யாணம் நாலரை மணி நேரம். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அது சுலபம். மற்றதற்குத்தான் நேரம் எடுத்தது. ஓட்டுகிற புரோகிராம் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்க்கும். பதினொன்று பதினைந்தானால் கல்யாணம் நிற்கும். அம்மா வருவாள். நான்கு நிமிடம். பிறகு கல்யாணம் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஞாயிறு மட்டும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கரைக்காரர்கள் கடலுக்குப் போவதில்லை. மீன் வராது. பேபி அறையில் இருப்பாள்.

ஆறு நிமிடத்தை நான்காகக் குறைத்தேன். ராஜையன் குரல் ஓரிடத்தில், "நாலு மணிக்குத் தாறேன் சித்தி, இன்னும் அர மணிக்கூறுதான்" என்கிறது. அது தேவையில்லை. ஓரிடத்தில் ஒரு கை வந்து ஈரப் பஞ்சால் அம்மாவின் உதட்டைத் துடைக்கிறது. அதையும் எடுத்துவிட்டேன். பஞ்சு தண்ணீர் ஆகாது. வெட்டி முடித்தபோது அம்மா கேட்பதும் அவர் பிடாது என்பதும் மட்டும் மிஞ்சின. நல்ல எடிட்டிங். தொழில் தெரிந்தவர் யாராலும் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

ஜூன் மாதம் ஓட ஆரம்பித்தது. அது அம்மாவின் மாதம்.

அவரால் கண்ணை மூட முடியும். காதை மூட முடியாது. இடது கையால் போர்வையை இழுப்பாராம், பேபி சொன்னாள். சனிக்கிழமைதோறும் நான் போய்க் கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சரி பார்ப்பேன். அது நாளுக்குச் சில விநாடி பிந்தும். பேபி எனக்கு டீ போட்டுக் கொடுப்பாள்.

"இண்ணைக்கும் கண்ணு நெறஞ்சு கரஞ்சாரு அண்ணா. நான் மீன் கழுவீட்டு வந்து பாக்கேன், தலையண பூரா நனஞ்சு கெடக்கு. மவளுக்க கல்யாணம்னா அவ்வளவு இஷ்டமாக்கும்."

அஜிஷாவும் ஃபோனில் இதைக் கேட்டாள். கேட்டுச் சந்தோஷப்பட்டாள். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று பேபியிடம் சொன்னாள். போதகர் வந்து கட்டிலருகே ஜெபித்துவிட்டு, இது ஆனந்தக் கண்ணீர் என்றார். நான் ஆமென் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் வித்தியாசமாகத் தெரிந்திருக்கும்.

ஐந்து மாதம். ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும். நான் கடையில் உட்கார்ந்திருப்பேன். பதினொன்று பதினைந்துக்குக் கையில் இருக்கிற வேலையை நிறுத்துவேன். பதினொன்று பத்தொன்பதுக்கு மறுபடி தொடங்குவேன். அந்த ஐந்து மாதமும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மீன் வண்டி வரவில்லை. கரையில் ஒரு சாவு. ஊரில் ஒருவர் இறந்தால் அன்று யாரும் வள்ளம் இறக்க மாட்டார்கள். ஞாயிறை யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. நான் அடக்க வீடியோ எடுக்கிறவன். யோசித்திருக்க வேண்டும்.

பதினொன்று இருபதுக்குப் பேபி ஃபோன் செய்தாள்.

"அண்ணா, டிவிடி கேடாச்சு. கல்யாணத்துக்க எடையில ஒரு அம்மச்சி வந்து தண்ணி கேக்கா. பிடாதுன்னு ஒரு ஆளு சொல்லுகாரு. கல்யாணத்துல பேசுத நம்ம ராஜையன் சாருக்க சத்தம் மாதிரி இருக்கு, அவரு அதக் கேட்டு இங்க கெடந்து வா வான்னு கெதறுகாரு. எனக்குப் பயமா இருக்கு அண்ணா."

"ரெண்டு டிவிடி ஒண்ணா கலந்திருக்கும்," என்றேன். "நான் வாறேன்."

போனேன். டிவிடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். டீக்குப் பால் இல்லை என்றாள். வாங்கி வா என்றேன். கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம்.

பேபி பார்த்துவிட்டதால் பயந்து செய்தேன் என்று எழுத வேண்டாம். பயம் இல்லை. டிவிடி முடிந்துவிட்டது, அவ்வளவுதான். முடிந்த பிறகு என்ன செய்வது என்று ஒரு கணம் நின்றேன். மேசையில் தண்ணீர் இருந்தது, பேபியின் தண்ணீர், ஒரு சொம்பில். பக்கத்தில் தம்ளர். நான் தம்ளரில் ஊற்றினேன். அவர் தலைக்குக் கீழே கை கொடுத்து உயர்த்தினேன்.

"தண்ணி வேணுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"வா," என்றார்.

ஒன்பது வாய். எண்ணித்தான் கொடுத்தேன். மூன்றாவதில் இருமினார். இருமல் அடங்கும்வரை காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. ஆறாவதில் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ள விட்டேன். ஒன்பது முடிந்ததும் வாயைத் துடைத்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பேபி பாலோடு வந்தாள். டீ குடித்தேன். அவளுடைய டீயில் எப்போதும் சர்க்கரை கூடுதல். அன்று அதையும் சொல்லவில்லை.

மறுநாள் காய்ச்சல். அன்றே ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை இறந்தார்.

அவருடையது மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். மணி அடித்தார்கள். அஜிஷா வந்துவிட்டாள். லிஜோவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்காக வீடியோ எடுக்க வேண்டும் என்றாள். நான் எடுத்தேன். முதலில் வீடு, பிறகு கோவில், பிறகு கல்லறைத் தோட்டம், பிறகு மண். எல்லாம் வரிசையாக இருக்கும். மஸ்கட்டில் அவன் எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் தானே ஓடும். அந்த டிவிடியில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் போட்டுப் பார்க்கலாம்.

பேபியை அனுப்பிவிடுங்கள். செய்யாத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது சரியில்லை. கீரிப்பாறைக்குக் கடைசி பஸ் போய்விட்டால் அவள் சிரமப்படுவாள்.

அஜிஷா ஏன் என்று கேட்டால், அவள் அப்பா என் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அவர் மேல் வேறு வருத்தம் ஒன்றும் கிடையாது.

இந்தக் கவரில் இரண்டும் இருக்கின்றன. டிவிடி நான் செய்தது. மெமரி கார்டு அவர் கொடுத்தது, அவர் மடித்த பேப்பரிலேயே இருக்கிறது. கார்டில் ஆறு நிமிடமும் வெட்டாமல் இருக்கும். கடைசி இருபது விநாடியை நான் டிவிடியில் சேர்க்கவில்லை. அதில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை. உங்களுக்கும் அது தேவைப்படாது. ராஜையன் ஃபோனை அணைக்கப் போகிறார். படம் சாய்ந்துவிடுகிறது. சுவரும் காலண்டரும்தான் தெரிகின்றன. அம்மாவின் குரல் மட்டும் கேட்கும்.

"ராஜையா, நீ சுந்தருட்ட நல்லா வெவரமாச் சொன்னியா? வரமாட்டேன்னா சொன்னான்?"